ஜிம்மா, கபடியா, சிலம்பமா, டான்ஸா? உடம்பை நினைத்துக் கூசும் பிள்ளையை எதில் சேர்ப்பது

பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில் பெற்றோர் என்னிடம் கேட்கும் கேள்வி பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக இருக்கும். "பொண்ணு வயசுக்கு வந்ததுல இருந்து குண்டாகிட்டே போறா டீச்சர், எதுலயாவது சேர்த்துவிடணும், எது நல்லது?" இல்லையென்றால், "பையனை ஓமக்குச்சின்னு கிண்டல் பண்றாங்களாம், ஜிம்முக்குத்தான் போவேன்னு அடம் பிடிக்கிறான், அனுப்பலாமா?"

எடையைப் பற்றிக் கேட்பது போலத்தான் இருக்கும். பிள்ளையிடம் தனியாகப் பேசினால் வேறு விஷயம் வெளியே வரும். எட்டாம் வகுப்பு வரை மைதானமே கதி என்று கிடந்த பெண், ஒன்பதாம் வகுப்பில் பி.டி. பீரியட் வந்தால் மரத்தடியில் உட்கார்ந்துகொண்டு "ஷூ கொண்டு வரல மிஸ்" என்கிறாள். ஷூ பைக்குள்தான் இருக்கிறது. அவள் ஓடும்போது யாரோ பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். நீச்சல் என்றால் உயிரை விட்ட பையன் இப்போது கிணற்றுப் பக்கமே வருவதில்லை. சித்திரை வெயிலிலும் சட்டைக்குள் இரண்டு பனியன் போட்டிருக்கிறான்.

உடற்கல்வி ஆசிரியையாக இருக்கும் நான் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எது அதிகமாகக் கொழுப்பைக் கரைக்கும் என்று பார்த்துத் தேர்ந்தெடுத்தால், பிள்ளை மூன்று மாதத்தில் நின்றுவிடும், கூச்சம் மட்டும் கூடியிருக்கும். எந்த இடத்தில் பிள்ளை தான் எப்படித் தெரிகிறோம் என்பதை மறந்து விளையாட்டில் மூழ்குகிறதோ, அந்த இடத்தில் சேருங்கள். தோற்றத்துக்காக மட்டும் உடற்பயிற்சி செய்கிறவர்களிடம் உடம்பைப் பற்றிய மனக்குறை அதிகமாகவும், பிடித்துப்போய்ச் செய்கிறவர்களிடம் குறைவாகவும் இருப்பதை உளவியல் ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன.

## இந்த வயதில் உடம்புக்குள் நடப்பது

பெண் பிள்ளைகளுக்குப் பருவமடையும் காலத்தில் இடுப்பிலும் தொடையிலும் கொழுப்பு சேர்வது இயற்கை. அதை நோய் மாதிரி பார்க்கத் தேவையில்லை. அவர்கள் வேகமாக வளர்வது 11, 12 வயதில். பையன்களுக்கு அது 13, 14 வயதில் வரும். ஏழாம் வகுப்புப் போட்டோவில் பெண்கள் எல்லோரும் பின்வரிசையில் நிற்பது அதனால்தான். அந்த வயதில் ஒரே வகுப்பில் படிக்கும் இரண்டு பிள்ளைகளின் உடம்பை ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை.

பையன்களைப் பற்றி யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒன்று உண்டு. பருவ வயதில் ஏறக்குறைய பாதிப் பையன்களுக்கு மார்பு கொஞ்ச காலத்துக்குப் புடைத்துக்கொள்ளும். ஹார்மோன் மாற்றத்தால் வருவது இது. பெரும்பாலும் ஆறு மாதத்திலிருந்து இரண்டு வருஷத்துக்குள் தானாகவே வடிந்துவிடும். இரண்டு பனியன் போடும் பையனுக்கு இந்த ஒரு தகவலை அப்பாவோ மாமாவோ சொல்லிவிட்டால் பாதிப் பாரம் இறங்கிவிடும்.

அப்புறம் எலும்பு. உயரம் வேகமாகக் கூடும் அந்த இரண்டு வருஷத்தில் மட்டும், பெரியவர்களுக்குரிய எலும்பு வலுவில் ஏறத்தாழ கால்வாசி சேர்ந்துவிடுகிறது. குதித்தல், ஓடுதல், பளு தூக்குதல் எல்லாம் அதற்கு உதவும். ஒரு வேளைச் சாப்பாட்டை விட்டு இளைக்கப் பார்ப்பது அதைக் கெடுக்கும்.

இன்னொன்று, ரத்தசோகை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கும் அதே வயதுப் பையன்களில் 31 சதவீதம் பேருக்கும் ரத்தசோகை இருக்கிறது. இரண்டு ரவுண்டு ஓடியதுமே மூச்சு வாங்கி உட்காரும் பெண்ணை "சோம்பேறி, உடம்பு வளைய மாட்டேங்குது" என்று திட்டுவதற்கு முன்னால் ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். பள்ளியில் வாராவாரம் தரும் இரும்புச்சத்து மாத்திரையை அவள் விழுங்குகிறாளா, ஜன்னலுக்கு வெளியே போடுகிறாளா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

## எதையெல்லாம் பார்த்து முடிவெடுப்பது

யார் பார்க்கிறார்கள்? சுவர் முழுக்கக் கண்ணாடி இருக்கிறதா, செல்போனில் வீடியோ எடுத்துப் போடுகிறார்களா, எல்லார் முன்னாலும் எடை பார்க்கிறார்களா என்பதுதான் நான் முதலில் கவனிப்பது.

என்ன உடுத்த வேண்டும்? பிள்ளைகள் விளையாட்டை விடுவதற்குப் பெரியவர்கள் நினைப்பதைவிடப் பெரிய காரணம் உடுப்பு. நம் பள்ளிகளில் பி.டி. நாளுக்கு வெள்ளை யூனிஃபார்ம் வைத்திருக்கிறோம். மாதவிடாய் நாளில் வெள்ளைப் பேன்ட் போட்டுக்கொண்டு எந்தப் பெண் தாவிப் பந்தடிப்பாள்? வெள்ளையைத் தவிர வேறெதையும் அனுமதிக்காத விம்பிள்டன் டென்னிஸ் போட்டியே 2023இல் பெண்கள் உள்ளே அடர்நிறக் கால்சட்டை அணியலாம் என்று விதியைத் தளர்த்தியது. அதே ஆண்டு இங்கிலாந்துப் பெண்கள் கால்பந்து அணி வெள்ளை டிரவுசரை விட்டு நீலத்துக்கு மாறியது. நம் பள்ளிகள் மாறுவதற்கு ஒரு தலைமையாசிரியரின் கையெழுத்து போதும்.

உடுப்போடு சேர்ந்த இன்னொரு செலவு ஸ்போர்ட்ஸ் பிரா. சரியான அளவில் இரண்டு வாங்கிக் கொடுத்ததும் மரத்தடியை விட்டு எழுந்து வந்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன். மகள் வாய் திறந்து கேட்க மாட்டாள். அம்மாதான் முந்திக்கொண்டு வாங்கித் தர வேண்டும்.

பயிற்சியாளரின் வாய் எப்படி? "பூசணிக்கா, ஓடு" என்று கத்துகிறவரிடம் எவ்வளவு திறமை இருந்தாலும் இந்தப் பிள்ளையை ஒப்படைக்கக் கூடாது. மற்ற எல்லாவற்றையும் சமாளிக்கலாம், இதைச் சமாளிக்க முடியாது.

உடம்புக்கு என்ன கிடைக்கும்? 5 முதல் 17 வயது வரை தினமும் சராசரியாக 60 நிமிடம் மூச்சு வாங்கும் அளவுக்கு உடலுழைப்பு வேண்டும் என்றும், தசைக்கும் எலும்புக்கும் வேலை தருவது வாரத்தில் மூன்று நாளாவது வேண்டும் என்றும் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 2016ஆம் ஆண்டுத் தரவின்படி உலகில் 11 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் 81 சதவீதம் பேர் இந்த அளவை எட்டவில்லை. பெண்களில் அது 85, பையன்களில் 78.

பப்ளிக் எக்ஸாம் வரை தாங்குமா? பணம், தொலைவு, டியூஷன் நேரம் எல்லாம் இதில் அடக்கம். பத்தாம் வகுப்பு வந்ததும் முதலில் வெட்டு விழுவது விளையாட்டுக்குத்தான்.

## ஜிம்

பையன்கள் கேட்பது பெரும்பாலும் இதைத்தான். பெற்றோரின் முதல் பயம், வெயிட் தூக்கினால் உயரம் நின்றுவிடும் என்பது. அது உண்மையில்லை. முறையாகக் கற்றுக்கொடுத்து, ஆள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டால் வளரும் பிள்ளைகள் பளுப் பயிற்சி செய்யலாம் என்றுதான் குழந்தை மருத்துவ அமைப்புகள் சொல்கின்றன. எலும்புக்கும் அது நல்லது.

இன்னொரு நன்மையை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. கனத்த உடம்புள்ள பிள்ளை ஓட்டத்தில் எப்போதும் கடைசிதான். ஆனால் பளு தூக்குவதில் அதே பிள்ளை வகுப்பில் பலரையும் மிஞ்சக்கூடும். வாழ்க்கையில் முதல் தடவையாக "இவ்வளவு தூக்குறியா நீ?" என்று நாலு பேர் வியந்து கேட்கும் இடம் அது. பெண்களுக்கும் இது பொருந்தும்.

எனக்குள்ள தயக்கம் நம் ஊர் ஜிம்கள் நடக்கும் விதத்தைப் பார்த்துத்தான். நான்கு சுவரிலும் கண்ணாடி. வரவேற்பு மேசைக்குப் பின்னால் "முன்பு, பின்பு" படங்கள். சேர்ந்த இரண்டாவது வாரமே மாஸ்டர் பவுடர் டப்பாவைக் காட்டுவார். மாதக் கட்டணம் 1,000 ரூபாய் என்றால் வே புரோட்டீன் டப்பா அதைப்போல இரண்டு, மூன்று மடங்கு. அதை விற்றால் பல இடங்களில் அவருக்குக் கமிஷன் உண்டு. வளரும் பையனுக்கு வேண்டிய புரதம் வீட்டிலேயே கிடைக்கிறது. ஒரு முட்டையில் 6 கிராம் இருக்கிறது. ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல், ஒரு டம்ளர் பால், மீன் துண்டு என்று சேர்த்துக்கொண்டே போகலாம்.

பவுடரோடு நின்றால் பணம்தான் போகும். ஊசிக்கும் மாத்திரைக்கும் போனால் ஆபத்து. சதை ஏற்ற எடுக்கும் ஹார்மோன் மருந்தான அனபாலிக் ஸ்டீராய்டு வளரும் வயதில் எலும்பின் வளர்ச்சி முனைகளைச் சீக்கிரமே மூடிவிடும். முகத்திலும் முதுகிலும் பரு, சுருங்கும் விரை, பெருக்கும் மார்பு எல்லாம் அதன் பின்விளைவுகள். மார்பை மறைக்க ஜிம்முக்குப் போன பையனுக்கு மார்பு இன்னும் பெருத்தால் அவன் யாரிடம் போய்ச் சொல்வான்? எவ்வளவு சதை வைத்தாலும் "நான் ஒல்லிதான்" என்று கண்ணாடி முன் நிற்கும் மனநிலைக்கு மருத்துவத்தில் தனிப் பெயரே இருக்கிறது, மசில் டிஸ்மார்ஃபியா. அது பையன்களைத்தான் அதிகம் பிடிக்கிறது.

ஜிம் சரிப்படுவது 16 வயதுக்கு மேல், பந்தும் போட்டியும் பிடிக்காத, தனியாக இருக்க விரும்பும் பிள்ளைக்கு. மாஸ்டரிடம் முதல் நாளே "பவுடர் எதுவும் வேண்டாம், எடை பார்க்க வேண்டாம், போட்டோ எடுக்க வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள். முகம் சுளித்தால் வேறு ஜிம் பாருங்கள்.

## கபடி, வாலிபால், த்ரோபால்

பள்ளியிலேயே இருக்கிறது, பணம் வேண்டாம், கூட்டாளிகள் இருக்கிறார்கள், மூச்சும் நன்றாக வாங்கும். குதிப்பதும் திரும்புவதும் எலும்புக்கு நல்லது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஆட்டம் சூடு பிடித்துவிட்டால் யாரும் யாருடைய வயிற்றையும் பார்ப்பதில்லை. ஸ்கோரைத்தான் பார்க்கிறார்கள்.

உடம்பு வாகைப் பொறுத்தவரை கபடி தாராளமான விளையாட்டு. ரெய்டுக்கு, அதாவது எதிரணிப் பக்கம் பாடிப் போக, ஒல்லியான, வெடுக்கென்று திரும்பும் ஆள் வேண்டும். ரெய்டரைப் பிடிக்கும் இடங்களான கார்னரிலும் கவரிலும் காலை ஊன்றி நிற்க, பிடித்தால் விடாத கனத்த ஆள் வேண்டும். தாண்டிப் போன ரெய்டரின் கணுக்காலைப் பிடித்து அப்படியே மண்ணில் உட்கார்த்தி வைத்த ஒரு குண்டுப் பெண்ணை அடுத்த நாள் யாரும் குண்டு என்று கூப்பிடவில்லை. "கார்னர் அக்கா" என்றுதான் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கூப்பிட்டார்கள்.

ஆனால் கபடியில் எடை வரம்பும் உண்டு. வயதுப் பிரிவுப் போட்டிகளில் ஆட்டத்துக்கு முன்னால் எடை மேடையில் ஏற வேண்டும். இரண்டு கிலோ கூடியிருந்தால் முதல் நாள் இரவு பட்டினி, தண்ணீர் குடிக்காமல் இருத்தல், ஸ்வெட்டர் போட்டு ஓடுதல் என்று அவரவர் வைத்தியம் நடக்கும். பள்ளி அளவில் பொழுதுபோக்குக்கு ஆடும் பிள்ளைக்கு இது வராது. மாவட்டம், மாநிலம் என்று போகும் பிள்ளைக்கு வரும். ஏற்கெனவே எடையை நினைத்துக் கலங்கும் பிள்ளை என்றால் அந்தக் கட்டத்தில் பெற்றோர் கூடவே நிற்க வேண்டும், பட்டினி போட்டு எடை இறக்கச் சொன்னால் மறுக்க வேண்டும்.

மேலே மேலே விழும் விளையாட்டு என்பதால் சில பெண்களுக்குக் கபடி கூச்சமாக இருக்கும். அவர்களுக்கு வாலிபாலும் த்ரோபாலும் இருக்கின்றன. நடுவில் வலை இருக்கிறது, யாரும் தொட மாட்டார்கள். பந்து பழகாத பிள்ளைக்கு த்ரோபாலில் இறங்குவது சுலபம்.

குழு விளையாட்டில் மிகவும் வலிக்கும் நேரம் ஆட்டத்துக்கு முன்னால் வரும். இரண்டு கேப்டன்கள் எதிரெதிரே நின்று ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். வரிசை கரைந்துகொண்டே வந்து கடைசியில் ஒரு பிள்ளை மட்டும் நிற்கும். "சரி, அவளை நீங்களே வச்சுக்கங்க" என்று ஒரு குரல் வரும். அந்தப் பிள்ளையை அடுத்த வாரம் மைதானத்தில் பார்க்க முடியாது. ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஒன்று, இரண்டு என்று எண்ணிப் பிரித்துவிடுங்கள். பெற்றோர் பார்க்க வரும்போது, அணி பிரிப்பது எப்படி என்பதைக் கவனியுங்கள். அந்த ஆசிரியரைப் பற்றி அதிலேயே பாதி தெரிந்துவிடும்.

இன்னொரு தடை வீட்டுக்குள்ளிருந்து வருகிறது. "வெயில்ல ஆடாத, கறுத்துப் போயிடுவ." பெண் பிள்ளையை மைதானத்திலிருந்து திரும்பக் கூட்டிப் போகும் வாக்கியங்களில் இதுதான் முதலிடம். எடையைவிட நிறத்தை வைத்து நம் வீடுகளில் சொல்லும் சொற்கள் ஆழமாக இறங்குகின்றன. உச்சி வெயிலைத் தவிர்த்துக் காலையிலும் மாலையிலும் ஆடச் சொல்லுங்கள், அது நியாயம். நிறத்தைக் காரணம் காட்டி விளையாட்டை நிறுத்தாதீர்கள்.

## சிலம்பம்

கூச்சமுள்ள பிள்ளைக்கு நான் அதிகம் பரிந்துரைப்பது இதைத்தான். கையில் கம்பு வந்துவிட்டால் பார்க்கிறவர் கண் கம்பின் மேல் போய்விடுகிறது. பிள்ளையின் கண்ணும் அங்கேதான் இருக்க வேண்டும், இல்லையென்றால் முட்டியில் அடி விழும். உடம்பைப் பற்றி நினைக்க நேரமே இருக்காது.

முதல் சில வாரம் காலடி மட்டும்தான். முன்னே வைப்பது, பின்னே இழுப்பது, திரும்புவது. அப்புறம் ஒற்றைக் கை வீச்சு, இரட்டைக் கை வீச்சு, வரிசை என்று படிப்படியாகப் போகும். பத்து வயதுப் பிள்ளையும் இருபது வயது அண்ணனும் ஒரே திடலில் சுற்றுவார்கள். ஒருவரை ஒருவர் ஒப்பிடும் கட்டாயம் குறைவு. உடுப்பு தொளதொளப்பான பேன்ட்டும் டி-சர்ட்டும். செலவும் குறைவுதான். கம்பு வாங்குவதோடு பெரிய செலவு முடிந்துவிடும். மாதக் கட்டணம் எங்கள் பக்கம் சில நூறு ரூபாய். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டியில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றதிலிருந்து நகரங்களிலும் வகுப்புகள் கூடியிருக்கின்றன.

குறைகளும் உண்டு. ஆசானைப் பொறுத்துத் தரம் கூடக் குறைய இருக்கும். சிலர் ஆறு மாதத்தில் "உலக சாதனை" என்று பிள்ளைகளை மூன்று மணி நேரம் நிற்காமல் சுற்ற வைத்துச் சான்றிதழுக்குப் பணம் கேட்கிறார்கள். அந்த மாதிரி இடங்களில் சேர்க்காதீர்கள். காலடி மட்டும் பழகும் ஆரம்ப நாட்களில் மூச்சு அவ்வளவாக வாங்காது என்பதால் வாரத்தில் சில நாள் ஓட்டமோ ஸ்கிப்பிங்கோ சேர்த்துக்கொள்வது நல்லது. கராத்தே, டேக்வாண்டோவும் கிட்டத்தட்ட இதே கணக்குத்தான். ஆனால் அவற்றின் சண்டைப் போட்டிகளில் எடைப் பிரிவு இருக்கிறது, பெல்ட் தேர்வுக்குத் தேர்வு கட்டணம் ஏறும்.

## பரதம், மேற்கத்திய நடனம்

ஆடப் பிடித்த பிள்ளைக்கு இதைவிட நல்லது எதுவும் இல்லை. அரைமண்டியில் (முழங்காலை மடக்கிப் பாதி உட்கார்ந்த நிலையில்) ஒரு ஜதியை, அதாவது தாளச் சொற்கட்டை, மூன்று வேகத்திலும் ஆடி முடித்தால் தெரியும், எவ்வளவு உழைப்பு என்று. தொடை வலுவாகும், நிமிர்ந்து நிற்கும் பழக்கம் வரும், தாளம் உடம்பில் ஏறும். கூனிக்குறுகி நடந்த பிள்ளை தோளை விரித்து நிற்பதை நடனம் சாதிக்கும்.

ஆனால் நடனம் அடிப்படையில் பார்வைக்காக இருக்கும் கலை. கண்ணாடி முன்னால்தான் பழகுகிறார்கள். ஆண்டு விழாவுக்கு உடை தைக்க அளவெடுக்கும் நாளில் "போன வருஷத்த விட ரெண்டு இஞ்ச் கூடிருக்கே" என்று தையற்காரர் சத்தமாகச் சொல்வார். குண்டான பிள்ளையைப் பின்வரிசையில் நிறுத்துகிற ஆசிரியர்கள் இருக்கிறார்கள், அவளுக்குத்தான் முகபாவம் நன்றாக வரும் என்று முன்னால் நிறுத்துகிற ஆசிரியர்களும் இருக்கிறார்கள். சேர்க்கும் முன் ஒரு நிகழ்ச்சியைப் போய்ப் பாருங்கள், யார் எங்கே நிற்கிறார்கள் என்று தெரியும். அரங்கேற்றம் வரை போனால் நகை, உடை, பக்கவாத்தியம், மண்டபம் என்று லட்சங்களில் செலவாகும். அரங்கேற்றம் இல்லாமலும் வருஷக்கணக்கில் ஆடலாம். சிமென்ட் தரையில் வெறுங்காலால் தட்டி முழங்கால், முன்னங்கால் வலி வருவதும் உண்டு.

பிள்ளையே கேட்டால் சேருங்கள். "டான்ஸ் ஆடினா இளைப்பா" என்று நீங்களாகச் சேர்ப்பதாக இருந்தால் வேண்டாம்.

## நீச்சல்

கனத்த உடம்புக்கு மூட்டில் அதிகப் பாரம் விழாமல் நல்ல உழைப்பு தருவது நீச்சல். கழுத்தளவு தண்ணீருக்குள் இறங்கிவிட்டால் உடம்பு யாருக்கும் தெரியாது. கஷ்டம் உடை மாற்றும் அறையிலிருந்து குளம் வரைக்கும் நடக்கும் அந்தப் பத்தடிதான். முழங்கால் வரை, முழங்கை வரை மூடும் நீச்சலுடைகள் இப்போது கிடைக்கின்றன. பையன்களும் மேலுடையோடு இறங்கலாம். பருத்தி டி-சர்ட்டை மட்டும் பல குளங்களில் விட மாட்டார்கள். பெண்களுக்குத் தனி நேரம் உண்டா என்று கேளுங்கள்.

தண்ணீர் உடம்பைத் தாங்கிக்கொள்வதால் எலும்புக்கு வலு சேர்வது குறைவு. அதற்காக வாரத்தில் சில நாள் ஓட்டமோ குதிப்போ வேண்டும். குளம் இருக்கும் ஊர்களும் குறைவு. மாவட்டத் தலைநகரங்களில் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் அரங்கங்களில் விசாரித்துப் பாருங்கள், தனியாரைவிடக் கட்டணம் குறைவாக இருக்கும்.

## வீட்டில் வீடியோ பார்த்துச் செய்வது

செலவில்லை, யாரும் பார்க்கப் போவதில்லை. கூச்சம் உச்சத்தில் இருக்கும் பிள்ளைக்கு முதல் படியாக ஒரு மாதம் சரி. ஆனால் "30 நாளில் தொப்பை காலி" என்று வரும் வீடியோக்கள் பொய். வயிற்றுக்கு மட்டும் பயிற்சி செய்து வயிற்றுக் கொழுப்பை மட்டும் கரைக்க முடியாது. அந்த வீடியோவைப் பார்த்ததும் அடுத்தடுத்து வருபவை எல்லாம் ஒட்டிய வயிறும் கலோரிக் கணக்கும்தான். கதவைச் சாத்திக்கொண்டு தனியாகச் செய்யும் பிள்ளை எவ்வளவு செய்கிறது, சாப்பிடுகிறதா என்பது நமக்குத் தெரியவும் தெரியாது. செய்வதானால் ஹாலில், அம்மாவோடோ அக்காவோடோ செய்யட்டும்.

## சைக்கிள்

பதினோராம் வகுப்பில் அரசு தரும் சைக்கிள் பல வீடுகளில் திண்ணையில் நிற்கிறது, பிள்ளை வேனில் போகிறது. பாதை பாதுகாப்பாக இருந்தால் பள்ளிக்குச் சைக்கிளில் போய்வரட்டும். தினமும் முப்பது, நாற்பது நிமிடம் அதிலேயே கிடைக்கும். பப்ளிக் எக்ஸாம் வருஷத்திலும் வெட்டு விழாத ஒரே உடற்பயிற்சி இதுதான்.

## ஒரே பார்வையில்

| | தோற்றத்தின் மேல் கவனம் | உடுப்புச் சிக்கல் | எலும்பு, தசை | மூச்சு, இதயம் | மறைமுகச் செலவு |
|---|---|---|---|---|---|
| ஜிம் | மிக அதிகம் | குறைவு | மிக நன்று | சுமார் | பவுடர், ஸ்டீராய்டு ஆபத்து |
| கபடி | குறைவு, மேல்மட்டப் போட்டியில் எடை பார்ப்பார்கள் | உண்டு | மிக நன்று | மிக நன்று | காயம், எடை இறக்கப் பட்டினி |
| வாலிபால், த்ரோபால் | குறைவு | கொஞ்சம் | நன்று | நன்று | கடைசி ஆளாக நிற்கும் வலி |
| சிலம்பம் | மிகக் குறைவு | இல்லை | நன்று | போகப்போக நன்று | சான்றிதழ் வியாபாரம் |
| நடனம் | அதிகம் | உண்டு | நன்று | நன்று | உடை, அரங்கேற்றம் |
| நீச்சல் | தண்ணீருக்கு வெளியே அதிகம் | அதிகம் | எலும்புக்குக் குறைவு | மிக நன்று | குளம் தூரம் |
| வீட்டு வீடியோ | திரையில் அதிகம் | இல்லை | சுமார் | சுமார் | தனிமை, கலோரிக் கணக்கு |
| சைக்கிள் | இல்லை | இல்லை | சுமார் | நன்று | போக்குவரத்து |

## எந்தப் பிள்ளைக்கு எது

மைதானத்தில் அவமானப்பட்டு விளையாட்டையே வெறுத்துவிட்ட பிள்ளைக்கு: சிலம்பம், இல்லையென்றால் சைக்கிளில் ஆரம்பித்து அப்புறம் யோசிக்கலாம். கனத்த, கூட்டாளிகள் உள்ள, சிரிக்கப் பேசும் பிள்ளைக்குக் கபடி, அதுவும் நல்ல வாயுள்ள ஆசிரியர் இருந்தால் மட்டும். முழங்கால் வலிக்கிறது என்று சொல்லும் கனத்த பிள்ளைக்கு நீச்சல். ஒல்லி என்று கிண்டலுக்கு ஆளாகும் 13, 14 வயதுப் பையனுக்கு இப்போது ஜிம் வேண்டாம். தண்டால், பஸ்கி, கம்பியில் தொங்கி ஏறுவது, கூடவே ஒரு பந்து விளையாட்டு போதும். ஹார்மோன் வேலை முடியாமல் அந்த வயதில் தசை பெரிதாக ஏறாது, ஏறவில்லையே என்ற ஏக்கம்தான் மிஞ்சும். 16 வயது தாண்டியதும் ஜிம்முக்கு அனுப்பலாம்.

சாப்பாட்டைத் தவிர்க்கும், சாப்பிட்டது கரைய வேண்டும் என்று ரகசியமாக உடற்பயிற்சி செய்யும், ஒரே நாளில் பல தடவை எடை பார்க்கும், அல்லது மூன்று மாதமாக மாதவிடாய் வராத பிள்ளைக்கு இந்தப் பட்டியலில் எதுவும் இப்போதைக்கு வேண்டாம். முதலில் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். மனதைத் திறந்து பேச 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே கட்டணமில்லாமல் பேசலாம். கழுத்துப் பின்புறம் தோல் தடித்துக் கறுத்திருந்தால் அழுக்கு என்று தேய்க்காதீர்கள். இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளமாக அது இருக்கலாம், ரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.

## பணம் கட்டுவதற்கு முன்

ஒரு மாலை அந்த இடத்துக்குப் பிள்ளையோடு போய் ஓரமாக உட்கார்ந்து முழு வகுப்பையும் பாருங்கள். தப்பு செய்யும் பிள்ளையிடம் பயிற்சியாளர் என்ன சொல்கிறார், நன்றாகச் செய்யாத பிள்ளைகள் சிரித்துக்கொண்டு இருக்கிறார்களா, கழிப்பறையும் உடை மாற்றும் இடமும் தாழ்ப்பாளோடு இருக்கின்றனவா என்று கவனியுங்கள். வருஷக் கட்டணத்தில் தள்ளுபடி என்பார்கள், ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டுங்கள். இரண்டு இடங்களைக் காட்டிவிட்டு எது என்று பிள்ளையையே சொல்லச் சொல்லுங்கள்.

கல்யாண வீட்டில் சித்தியோ அத்தையோ "என்ன, வெயிட் போட்டுட்ட?" என்று ஆரம்பித்தால், பிள்ளை பதில் சொல்ல வேண்டிய நிலை வராமல் நீங்களே "அவ இப்ப சிலம்பம் கத்துக்கிறா" என்று பேச்சைத் திருப்பிவிடுங்கள். வகுப்பிலிருந்து வரும் பிள்ளையிடம் எத்தனை கிலோ குறைந்தது என்று கேட்காமல், இன்றைக்குப் புதிதாக என்ன கற்றுக்கொண்டாய், யாரோடு ஆடினாய் என்று கேளுங்கள். இரண்டு மாதம் ஆனபின்பும் சொல்வதற்குப் பிள்ளையிடம் எதுவும் இல்லையென்றால் அந்த இடத்தை மாற்றிவிடலாம்.